எஸ்கியூலைட்டை ஆர்டிஓஎஸ்ஸில் ஏற்றும்போது சிங்க்கை ஏமாற்றாதீர்கள்

மேலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார் கண்ட்ரோலரில், ஃப்ரீஆர்டிஓஎஸ் (சிறு கருவிகளில் வேலைகளை உரிய நேரத்தில் ஓட்டுகிற ஓஎஸ், அதாவது ஒரு ஆர்டிஓஎஸ்) மேல் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸை ஏற்றியபோது கற்றுக்கொண்டது இது.

எஸ்கியூலைட்டின் மொத்த சோர்ஸும் ஒரே பெரிய சி ஃபைலாகக் கிடைக்கும், அதை அப்படியே ப்ராஜெக்டில் சேர்த்து, கம்பைல் செய்யும்போது 'எஸ்கியூலைட்_ஓஎஸ்_அதர்=1' என்று கொடுத்தால் லினக்ஸ், விண்டோஸுக்கான பகுதி விலகிவிடும். அப்புறம் ஃபைலைத் திறக்க, படிக்க, எழுதுகிற விஎஃப்எஸ் அடுக்கை நாமே எழுத வேண்டும். இங்கேதான் கவனம் வேண்டும். அந்த அடுக்கில் எக்ஸ்சிங்க் என்று ஒன்று உண்டு, எழுதியது கார்டில் உண்மையாகவே பதிந்ததை உறுதிசெய்கிற ஃபங்ஷன் அது. அதில் ஒன்றும் செய்யாமல் 'ஓகே' என்று திருப்பி அனுப்பினாலும் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், ஆனால் எங்கள் பக்கம் கரண்ட் சொல்லாமல் போகும், எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் டேட்டாபேஸே கெட்டுவிடலாம். எஸ்டி கார்டில் ஃபைல்களைக் கையாள ஃபேட்எஃப்எஸ் லைப்ரரி வைத்திருந்தால், எக்ஸ்சிங்க்குக்குள் அதன் எஃப்_சிங்க்கைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.

பல டாஸ்க் (ஆர்டிஓஎஸ் தனித்தனியாக ஓட்டும் வேலை) ஒரே நேரத்தில் தொட்டாலும் காக்கிற த்ரெட்சேஃப் என்ற கம்பைல் ஆப்ஷனை 0 ஆக்கினால் கோட் சிறிதாகும், சரி, ஆனால் டேட்டாபேஸை ஒரே டாஸ்க்தான் தொட வேண்டும். அதற்குக் குறைந்த ப்ரையாரிட்டியும் தாராளமான ஸ்டாக் மெமரியும் கொடுங்கள். மோட்டாரை நிறுத்துகிற டாஸ்க் ரீடிங்கை க்யூவில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கட்டும், எஸ்டி கார்டு எழுதி முடிக்கும்வரை அது காத்திருக்கவே கூடாது.