விலை உயர்ந்த ஸ்பீக்கர்: காசு எங்கே வீணாகிறது?

விலை உயர்ந்த ஸ்பீக்கருக்கு அந்த விலை தகுமா என்று கேட்டால், ஓர் எல்லை வரை தகும் என்பேன். அந்த எல்லையைத் தாண்டினால் கொடுக்கும் காசில் பெரும்பகுதி மரவேலைக்கும் மெருகுக்கும் பெயருக்கும் போய்விடுகிறது. ஆனால் காசு வீணாவது விலையால் மட்டும் இல்லை. உண்மையிலேயே நல்ல ஸ்பீக்கரை வாங்கிவிட்டு, அதன் திறமையில் பாதியைக்கூடக் கேட்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அறையை மறந்துவிடுவது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. அப்படிப் பார்த்தால் 43 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 43 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை 8 மீட்டர் நீளம். 4 மீட்டர் நீள அறையில் அதன் பாதி அலை இரண்டு சுவர்களுக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்தி, அங்கேயே நின்று அதிரும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த ஒலி ஊதிப் பெருத்துக் கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். பேஸ் கிட்டாரின் மிகக் கீழான ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே இடம். ஸ்பீக்கரின் விலையைப் பத்து மடங்காக்கினாலும் இது மாறாது, ஏனென்றால் இந்தக் கணக்கைப் போடுவது அறையின் நீளம். சாதாரண வீட்டு அறைகளில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்கு வருவதை ஸ்பீக்கரைவிட அறைதான் அதிகம் தீர்மானிக்கிறது.

இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் அறையில் சில ஸ்வரங்கள் மட்டும் முழங்கும், பக்கத்து ஸ்வரங்கள் கேட்கவே கேட்காது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் நாற்காலியை அறையின் நடுவிலிருந்து ஒரு கை நீளம் தள்ளிப் போட்டேன். அதுவரை கேட்காத ஸ்வரங்கள் கேட்டன. பல மாதங்களாக நான் குறை சொல்லிக்கொண்டிருந்த ஸ்பீக்கரில் குறையே இல்லை.

அதனால் நட்டநடுவிலும் உட்கார வேண்டாம், பின்சுவரில் தலை படும்படியும் உட்கார வேண்டாம். ஸ்பீக்கருக்கும் அதன் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தையும் மாற்றிப் பாருங்கள். அது 1 மீட்டராக இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 86 ஹெர்ட்ஸில் நேர் ஒலிக்கு எதிராக வந்து அதை அமுக்கிவிடும். வெறும் தரையில் கம்பளம், பக்கச் சுவரில் புத்தக அலமாரி, கண்ணாடி ஜன்னலுக்குக் கனமான திரை, இவை நடு ஒலிகளையும் மேல் ஒலிகளையும் தெளிவாக்கும். மெல்லிய ஃபோம் தகடுகளை ஒட்டினால் பேஸ், அதாவது கீழ் ஒலிகள், சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். அவ்வளவு நீளமான அலைக்கு அந்தத் தடிமன் எம்மாத்திரம்? மைக் வைத்து அளந்து ஈக்வலைசரால் (கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) திருத்துவது நல்ல வழிதான். ஆனால் அதைக் கொண்டு மேடுகளைக் குறையுங்கள், பள்ளங்களை நிரப்பப் பார்க்காதீர்கள். அலைகள் ஒன்றையொன்று அழிக்கிற இடத்தில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் அதுவும் சேர்ந்தே அழியும்.

அடுத்த தவறு, கண்ணால் கேட்பது. 1994-இல் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே ஆட்கள், ஒரே ஸ்பீக்கர்கள். ஒரு முறை பார்த்தபடி கேட்டார்கள், இன்னொரு முறை திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டார்கள். பார்த்தபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்கள் வெகுவாக முந்தின. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கியது. இன்னொன்றும் தெரிந்தது: ஸ்பீக்கரை வேறு இடத்தில் வைத்ததால் ஒலி நிஜமாகவே மாறியபோது, பார்த்துக் கேட்டவர்கள் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கண் முடிவெடுத்துவிட்டால் காது பின்தங்கிவிடுகிறது. இது யாருடைய குறையும் இல்லை, மனித மூளை இயங்கும் விதமே இதுதான்.

அப்புறம் சத்த அளவு. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று ஒரு டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாக ஒலித்தாலும் அதுதான் தெளிவாக, உயிரோட்டமாக இருப்பதாகத் தோன்றும். சத்தம் கூடியதே காரணம் என்று நமக்குத் தெரியாது. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வால்யூம் குமிழைப் பார்த்து இதைச் செய்ய முடியாது, கேட்கும் இடத்தில் அளக்க வேண்டும். உங்களுக்கு மனப்பாடமான பாடல்களையே போடச் சொல்லுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அந்த ஸ்பீக்கரில் நன்றாக ஒலிக்கும் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்ததாக இருக்கலாம்.

அட்டைப்பெட்டியின் எண்களை அப்படியே நம்புவதும் தவறு. “20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்” என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டல் கழித்தல் 3 டெசிபல் என்று போட்டிருந்தால் பேசலாம். வாட் கணக்கும் இப்படித்தான். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். இரு மடங்கு சத்தமாகக் காதுக்குப் பட ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

சரி, கூடுதல் காசு நிஜமாக எதை வாங்கித் தருகிறது? முதலில் ஆழமான பேஸ். அதே சத்தத்தில் அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் கீழ் ஒலிகளைத் தரும் வூஃபரின் கோன் (முன்னும் பின்னும் அதிரும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் எளிதாக வேலை செய்யும் சிறிய வூஃபர் 40 ஹெர்ட்ஸில் திணறுவது இதனால்தான். பெரிய வூஃபர், வலுவான காந்தம், தானே அதிராத கனமான கேபினட், இவற்றுக்கு உண்மையாகவே செலவு ஆகும். சத்தமாக வைத்தாலும் கலங்காத ஒலி, இடதும் வலதும் அச்சு அசலாக ஒத்துப்போவது, பக்கவாட்டில் பரவும் ஒலியும் நேர் ஒலியைப் போலவே சீராக இருப்பது, இவையும் காசுக்குத் தகுந்தவை. கடைசியில் சொன்னதைப் பலர் பார்ப்பதே இல்லை. அறையில் நாம் கேட்பதில் பெரும்பகுதி சுவர்களில் பட்டு வருவதுதானே?

பெரிலியம், வைரம் என்று, மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்குப் போடும் பொருள்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவற்றின் விறைப்பு, ட்வீட்டரில் அதிரும் குவிந்த பகுதியான டோமின் அதிர்வுக் கோளாறைக் கேட்கும் எல்லைக்கு வெகு அப்பால் தள்ளுகிறது. ஆனால் நல்ல அலுமினிய டோமிலேயே அது 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டித்தான் வரும். நடு வயதைக் கடந்தவர்களில் பலருக்கு 15,000-க்கு மேல் கேட்பதே சிரமம்.

இடத்துக்குப் பொருந்தாத அளவில் வாங்குவதும் உண்டு. பிபிசி 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கர், ஒலிபரப்பு வண்டிக்குள் இருக்கும் நெருக்கடியான இடத்துக்கென்றே உருவானது. ஆழமான பேஸை அது விட்டுக்கொடுத்து, மனிதக் குரலைச் சரியாகத் தருவதில் கவனம் வைத்தது. இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். சின்ன அறையில் ஆளுயர டவர் ஸ்பீக்கர் வைத்து பேஸில் மூழ்குவதைவிட, நல்ல சிறிய ஜோடி ஒன்றும், ஆழமான பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் இடம் பார்த்து வைத்து ஒன்றோ இரண்டோ போதும். பெரும்பாலும் அதுதான் நன்றாகவும் ஒலிக்கும்.

கேபிளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் போனால், போக வர மின்தடை 0.07 ஓம் தான். 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

“இருநூறு மணி நேரம் ஓடினால்தான் ஸ்பீக்கர் திறக்கும்” என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். கோனைப் பிடித்திருக்கும் பகுதி ஆரம்பத்தில் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். அதற்கு மேல் நடப்பதில் பெரும்பங்கு உங்கள் காது அந்த ஒலிக்குப் பழகுவது. காத்திருந்தால் அதற்குள் ஸ்பீக்கரைக் கடைக்குத் திருப்பித் தரும் கெடுவும் முடிந்துவிடும்.

புதிதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் பழையதையும் பாருங்கள். ஒழுங்காக வைத்திருந்த ஸ்பீக்கர் பல பத்தாண்டுகள் உழைக்கும். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் பொடிந்திருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். ரப்பர் வளையம் நீண்ட நாள் வரும். நான்கு விரல்களைப் பரப்பி வைத்துக் கோனை மெதுவாக, நேராக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் அந்த ஜோடி வேண்டாம்.