அபாயக் கோடு: அதை எதிர்க்கும் கடலோர ஊர்கள் எங்கே சறுக்குகின்றன?

சில வருடங்களுக்கு முன் ஒரு மீனவக் குப்பத்தில் நடந்த கருத்துக் கேட்புக்குப் போயிருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த வரைபடம் 1:25,000 அளவு. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். கடல் எதுவரை வரலாம், கரை எதுவரை அரிக்கப்படலாம் என்று காட்டும் அபாயக் கோட்டை அதில் சிவப்பில் போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் தடிமனே ஒரு மில்லிமீட்டர் இருக்கும். தன் வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு அம்மா கேட்டார். அவர் வீட்டின் அகலம் ஐந்து மீட்டர்கூட வராது. அந்த மைக்குள்ளேயே வரிசையாக ஐந்து வீடுகள் அடங்கிவிடும். அதிகாரிகளால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் ஊரே சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் மீதிக் கூட்டம் முழுக்க "கடல் எங்க ஊருக்குள்ள வராது" என்பதிலேயே கழிந்தது. நான் பார்த்த வரையில் பெரிய தவறு இதுதான். கடல் வராது என்று எந்த ஊராலும் நிரூபிக்க முடியாது. கோடு எப்படிப் போடப்பட்டது என்று கேட்க எந்த ஊராலும் முடியும்.

நியூசிலாந்தில் வெலிங்டனுக்கு வடக்கே உள்ள காப்பிட்டி கடற்கரை இதற்கு நல்ல பாடம். 2012இல் அங்குள்ள மாவட்ட மன்றம், அடுத்த 50, 100 ஆண்டுகளில் கரை எதுவரை அரிக்கப்படலாம் என்று கோடுகள் வரைந்து, வீடு வாங்குவோர் கேட்டுப் பெறும் சொத்து விவர அறிக்கையில் சேர்த்தது. சுமார் 1,800 வீடுகள் அந்தக் கோடுகளுக்குள் வந்தன. கோஸ்டல் ரேட்பேயர்ஸ் யுனைடெட் என்ற குடியிருப்போர் அமைப்பு எதிர்த்து நின்றது. கணக்கின் ஒவ்வொரு படியிலும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் வருவது நடக்கக்கூடிய அரிப்பு அல்ல என்பது அவர்கள் வாதம். 2013இல் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அபாயம் பற்றிய தகவலை மறைக்க நீதிமன்றம் சொல்லவில்லை. அதை நியாயமாக, படிப்பவரைத் தவறாக வழிநடத்தாதபடி சொல்ல வேண்டும் என்றது. 2014இல் சுயாதீன நிபுணர் குழு, திட்ட ஆவணத்தில் ஏற்றும் அளவுக்கு அந்தக் கோடுகள் உறுதியானவை அல்ல என்று அறிக்கை தந்தது. மன்றம் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கடல் மட்டம் உயர்வதை மறுத்துக் கிடைத்த பலன் அல்ல இது.

நம் ஊரில் இன்னொரு குழப்பம் உண்டு. ஒரு கோட்டை இன்னொரு கோடு என்று நினைத்துக்கொள்வது. கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லையான உயர் ஓதக் கோடு வேறு. அங்கிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அளக்கும் சி.ஆர்.இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) எல்லை வேறு. கட்டுமானம் கூடாத பகுதி வேறு: மத்திய அரசின் 2019 சி.ஆர்.இசட் அறிவிக்கைப்படி கிராமப்புறத்தில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளில் அது 50 மீட்டர், மற்ற கிராமப் பகுதிகளில் 200 மீட்டர். அபாயக் கோடு இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. அதற்கு முந்தைய 2011 அறிவிக்கையில் மண்டலத்தின் எல்லையை வகுப்பதிலேயே அதற்குப் பங்கு இருந்தது. 2019 அறிவிக்கை அதைப் பேரிடர் மேலாண்மைக்கான, தற்காப்பு ஏற்பாடுகளைத் திட்டமிடுவதற்கான கருவியாக மட்டும் வைத்தது. ஆகவே "அபாயக் கோட்டுக்குள்ள இருக்கு, வீடு கட்ட அனுமதி கிடையாது" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு அறிவிக்கை, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் 2019 அறிவிக்கைக்கு ஏற்பத் திருத்தப்பட்டு ஒப்புதல் பெறும்வரை 2011 அறிவிக்கையே செல்லும். அதனால் உங்கள் கையில் உள்ள வரைபடம் எதன்படி தயாரானது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

அடுத்த தவறு, கோடு போடக் கணக்கில் எடுத்த அரிப்பு வேகத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது. நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருடத்தின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வாடைக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் ஒரு துறைமுகச் சுவரைக் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அரித்தது. புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் நடந்ததும் இதுதான். எந்தெந்த ஆண்டுப் படங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள், எந்த மாதத்தில் எடுத்தவை, தெற்கே எந்தக் கட்டுமானம் எப்போது வந்தது, இவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்காமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். துறைமுகம் தின்ற கரையை 'இயற்கை அரிப்பு' என்று எழுதிவிட்டால், பொறுப்பு கடலின் தலையில் விழும், இழப்பு உங்கள் தலையில் விழும். கூடவே ஒன்று: கோட்டுக்குப் பதிலாக "கல் கொட்டிக் கொடுங்க" என்று கேட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் கல் வடக்கே அடுத்த ஊரின் மணலைப் பறிக்கும்.

ஒரே மனுவை நகலெடுத்து முந்நூறு கையெழுத்து வாங்கிக் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை. சர்வே எண் வாரியாக, வீடு வாரியாக எழுதுங்கள். கிராம வரைபடம் ஏறத்தாழ 1:4,000 அளவு. அதில்தான் தனித்தனி மனை தெரியும். அந்த அளவில் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மனம் கொதிப்பது கடைசித் தவறில். பட்டா உள்ளவர்கள் மட்டும் கூடிச் சங்கம் வைத்து, மற்றவர்களை விட்டுவிடுகிறார்கள். குப்பத்தில் பாதி வாழ்க்கை பட்டா இல்லாத நிலத்தில்தான் நடக்கிறது: படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், மீன் காயவைக்கும் களம். இவற்றையெல்லாம் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. நான் பார்த்த அந்தச் சுவர் வரைபடத்தில் அந்த இடமெல்லாம் வெறும் மணல். கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தைப் பெயர் சொல்லி, எந்த வருடம் கடல் எந்தத் தென்னை வரை வந்தது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி அவரிடம் போகவே இல்லை. அடுத்த வாரம் இரண்டு பையன்கள் கைபேசியில் இருப்பிடப் புள்ளி குறித்துக்கொண்டு அவரோடு கரை முழுக்க நடந்தார்கள். ஒவ்வொரு களத்துக்கும் ஒரு புள்ளி, ஒரு படம், பயன்படுத்தும் குடும்பங்களின் எண்ணிக்கை. அந்த ஊர் கொடுத்த மனுக்களில், எதையாவது அளந்து காட்டிய பக்கங்கள் அவை மட்டும்தான்.