ஹார்மோனுக்கு கை வைத்தியம்: நம்ம ஊர்ல பண்ணுத தப்புங்க

எங்க தெருவுல இப்பல்லாம் யாருக்கு என்ன வந்தாலும் ஹார்மோன்தான். முடி கொட்டுனா ஹார்மோன், இடுப்பு பெருத்தா ஹார்மோன், மாமியார்கிட்ட எரிஞ்சு விழுந்தாலும் ஹார்மோன். எந்த ஹார்மோன்னு கேட்டா மட்டும் முழிப்பாவ. முதல் தப்பே அதான். தைராய்டு கொறஞ்சாலும் பீரியட்ஸ் தள்ளிப்போவும், பிசிஓடி (ஓவரின்னு சொல்லுத சினைப்பைல நீர்க்கட்டி) இருந்தாலும் தள்ளிப்போவும், ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்க ஹார்மோன்) கூடுனாலும் தள்ளிப்போவும், மூணுக்கும் ஒரே கஷாயம்னா எப்படி கேக்கும்? ரத்தம் குடுத்து பாத்துட்டு அப்புறமா அம்மிய தொடுங்க.

இன்னொண்ணு, 28 நாள் தாண்டுன உடனே எள்ளையும் பப்பாளியையும் தேடுதாவ. 21 நாள்ல இருந்து 35 நாளுக்குள்ள வந்தா நார்மல்தான். கல்யாணம் ஆன பிள்ளைய, நாள் தள்ளிப்போச்சுன்னா முதல்ல மெடிக்கல்ல ஒரு கார்டு வாங்கி உண்டாயிருக்கான்னு பாத்துருங்க.

அடுத்து உளுந்தங்களி. இதை சொன்னா எங்க ஆச்சி அடிக்க வருவா. பெரியமனுஷி ஆன பிள்ளைக்கு களிய உருட்டி, நடுவுல குழி பண்ணி நல்லெண்ணெய் ஊத்தி குடுப்பாவ, ருசியும் சரி சத்தும் சரி குறையே சொல்ல முடியாது. ஆனா அது வயக்காட்டுல குனிஞ்சு நிமிந்த உடம்புக்கு வச்ச அளவு, கேட்டியளா. காலைல இருந்து மடியில சொளவ வச்சு பீடி சுத்துத பிள்ளையும், லேப்டாப் முன்னாடி உக்காந்த பிள்ளையும் பிசிஓடிக்கு நல்லதுன்னு தினமும் அதே உருண்டைய தின்னா என்னாவும்? பிசிஓடில நெறைய பேருக்கு இன்சுலின் சரியா வேலை செய்யாது, அதனால உடம்பு இன்சுலின இன்னும் அதிகமா சுரக்கும், அது கூடக்கூட ஓவரி ஆண் ஹார்மோன அதிகமா விடும், முட்டை வெளிய வராது, தாடையில முடி வரும். களில போடுத கருப்பட்டி உடன்குடி ஒரிஜினலாவே இருக்கட்டும், அதுவும் சக்கரைதான். வெயிட் கூட இருக்கவிய 5ல இருந்து 10 சதவீதம் கொறைச்சாலே பலருக்கு பீரியட்ஸ் ஒழுங்காவுது, 70 கிலோன்னா மூணரைல இருந்து 7 கிலோ. களி மாசத்துல ரெண்டு நாள் போதும், மத்த நாளு சாயங்காலம் ஒரு நடை போங்க.

எங்க மைனி பண்ண காரியம் வேற. யாரோ கொத்தமல்லி தண்ணி குடிச்சா தைராய்டு ஓடிரும்னு சொன்னாவன்னு மாத்திரைய அவியளாவே நிப்பாட்டிட்டாவ, ரெண்டு மாசத்துல மூஞ்சி வீங்கி மாடிப்படி ஏற முடியல, டெஸ்ட் பாத்தா டிஎஸ்ஹெச் (தைராய்டு கொறஞ்சா ரத்தத்துல ஏறுத அளவு) எங்கயோ நிக்கு. இப்ப திரும்ப போடுதாவ, ஆனா காப்பியோட சேத்து! வெறும் வயித்துல தண்ணில முழுங்கி அரை மணியாவது, முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சுதான் காப்பி. இரும்பு மாத்திரையும் கால்சியமும் 4 மணி நேரம் தள்ளி.

உப்புலயும் ஒரு கூத்து நடக்கு. பாக்கெட் உப்பு கெமிக்கல்னு தூத்துக்குடி கல்லுப்பு, இந்துப்புன்னு மாறுதாவ, அதுல பலதுல அயோடின் சேக்கதே இல்ல. தைராய்டு ஹார்மோன் செய்யவே அயோடின் வேணும்லா? கல்லுப்புதான் வேணும்னா அயோடின் சேத்த கல்லுப்பும் கிடைக்கி, கவர பாத்து வாங்குங்க.

இப்ப புதுசா விதை கணக்கு வேற, பீரியட்ஸ் வந்ததுல இருந்து முதல் 14 நாள் ஆளிவிதையும் பூசணி விதையும், அப்புறம் எள்ளும் சூரியகாந்தி விதையும். அதுல ஹார்மோன் மாறும்னு உறுதியான ஆதாரம் ஒண்ணும் இல்ல. விதை நல்லதுதான், அதுக்காக எள்ளுருண்டை திங்க காலண்டர் பாக்காண்டாம்.

கழற்சிக்காய், அமுக்கரா (அஸ்வகந்தா) எல்லாம் மருந்து, பலகாரம் இல்ல. அமுக்கரா தைராய்டு அளவ கூட்டிவிடும், பிள்ளை உண்டானவிய தொடவே கூடாது. யூடியூப்ப பாத்து ஸ்பூன் கணக்குல திங்கதுக்கு, 1964ல இருந்து பாளையங்கோட்டைல கவர்மெண்ட் சித்தா காலேஜ் இருக்கு, அங்க போயி நாடி பிடிச்சு பாத்து வாங்கலாம்லா. போடுத இங்கிலீஷ் மாத்திரைய சித்தா டாக்டர்கிட்டயும், இந்த பொடிய இங்கிலீஷ் டாக்டர்கிட்டயும் மறைக்காதீய.

கடைசியா நம்ம அம்மமாருக்கு. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் கழிச்சு திரும்ப ரத்தம் பட்டா, ஒரு சொட்டா இருந்தாலும், "சூடு"ன்னு சொல்லி மோர குடுத்து உக்கார வைக்காதீய, மறுநாளே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருங்க.