பழைய லேஸிலும் பொத்தானிலும் நகை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில், தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு டவுனுக்குக் குடிவந்த வீடுகளில் பழைய மைலோ டின் ஒன்று கட்டாயம் இருக்கும். உள்ளே அம்மா, பாட்டி கழற்றிச் சேர்த்துவைத்த பொத்தான்கள். தலையணை உறை லேஸும் பாவாடைக் கரையும் பெட்டியடியில் கிடக்கும். இவற்றைத் தோடாகவும் கழுத்தணியாகவும் செய்து தீபாவளி நேரத்தில் விற்பவர்கள் இப்போது நிறையப் பேர். அருமையான வேலை. ஆனால் பொருள் என்னவென்று பார்க்காமல் கைவைத்தால், நகையாவதற்கு முன்பே பாழாகிவிடும்.

முதல் தவறு, எல்லாப் பொத்தானையும் ஒரே பேசினில் ஊறப்போடுவது. சிப்பிப் பொத்தானைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். அது சுண்ணாம்புச் சத்து. பளபளப்பாகட்டும் என்று வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டால், பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். சிப்பி கரைவதுதான் அது. எடுத்துத் துடைத்தால் வானவில் மினுக்கு மங்கி, மேல்புறம் சொரசொரப்பாக இருக்கும். அந்த மினுக்கு திரும்ப வராது. பாலின் புரதத்திலிருந்து செய்த கேசின் பொத்தான்களும் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தன. அவை தண்ணீரைக் குடித்து உப்பி, காயும்போது கோணிவிடும், விரிசலும் விடும். தைப்பதற்குப் பின்புறம் இரும்பு வளையம் வைத்த பொத்தான் துருப்பிடித்து, பிறகு லேஸையும் கறையாக்கும். ஆகவே ஊறவைக்கவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

இன்னொரு பழக்கம், என்ன பிளாஸ்டிக் என்று அறியச் சுட்ட ஊசியால் குத்திப் பார்ப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் குப்பென்று தீப்பிடிக்கும். விரலால் சூடு வரும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாடை வந்தால் பெரும்பாலும் செல்லுலாய்டுதான். அது சிதையும்போது வெளிவிடும் வாயு பக்கத்திலிருக்கும் கொக்கியையும் மற்றப் பொத்தானையும் அரிக்கும். தனியே, காற்றோட்டமாக வையுங்கள். நகையில் சேர்க்காமல் விடுவதே மேல்.

சரி, லேஸுக்கு வருவோம். மஞ்சளித்த லேஸைக் கண்டதும் குளோரின் பிளீச்சைத் தேடுகிறோம். அது பருத்தி நூலை இற்றுப்போக வைக்கும், பட்டாக இருந்தால் கரைத்தே விடும். குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியாமல் டவலில் விரித்து நிழல் உலர்த்தல், இவ்வளவுதான். இளமஞ்சள் மிஞ்சினால் மிஞ்சட்டும், சிப்பிப் பொத்தானோடு அது அழகாகவே சேரும். ஊசி குத்திய துருப்புள்ளியின் மேல் பொத்தானைத் தைத்து மறைத்துவிடலாம். நைலான் லேஸின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி வேண்டாம், உருகிவிடும்.

குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் போட்ட பின்னலை நடுவில் வெட்டினால் நூல் மளமளவென்று பிரியும். வெட்டப்போகும் கோட்டின் இருபுறமும் முதலில் நெருக்கமாகத் தைத்துவிட்டு, அப்புறம் கத்தரியை எடுங்கள். முழுதாக, நல்ல நிலையில் இருக்கும் துண்டை வெட்டவே கூடாது என்பது என் கருத்து. நியோன்யா கெபாயாவும், அதாவது பெரானாக்கான் சீனப் பெண்கள் உடுத்தும் பூவேலை மேற்சட்டையும், அப்படித்தான். 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கெபாயா மரபின் உடை அது. கிழிந்த கெபாயாவின் கரையை எடுங்கள், உடுத்தக்கூடியதை விட்டுவிடுங்கள்.

பசைதான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை. சூப்பர் குளூ பருத்தியில் பட்டால் சூடேறும். நிறையச் சொட்டினால் புகையும், விரலையும் சுடும். காய்ந்தபின் சுற்றிலும் வெள்ளைப் பூச்சாகப் படியும். ஹாட் குளூ, வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிப் பொத்தானைக் கழற்றிவிடும். பொத்தானுக்கு ஓட்டை இருப்பதே தைப்பதற்குத்தானே? தையுங்கள். தைத்ததைப் பிரித்து மறுபடி செய்யலாம், ஒட்டியதை முடியாது. ஆனால் தூண்டில் நரம்பு வேண்டாம், பழைய நூலை அது அறுத்துவிடும். சாதாரணப் பருத்தி நூலே போதும்.

லேஸ் விறைப்பாக நிற்கச் சீனித் தண்ணீரோ கஞ்சியோ போடுகிறவர்கள் உண்டு. சீனிக்கு எறும்பு வரும், கஞ்சிக்குக் கரப்பான் வரும். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். பின்புறம் மெல்லிய பருத்தித் துணியோ ஃபெல்ட்டோ வைத்துத் தைத்தால் தானே நிற்கும்.

சிப்பியில் புதிதாகத் துளையிடுவதானால் ஈரமாக வைத்து, முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. காதுக்கொக்கியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நிக்கல் கலந்தது பலருக்குக் காதைப் புண்ணாக்கும். வெள்ளிக் கொக்கி வாங்குங்கள். விற்கும்போது, குளிக்குமுன் கழற்ற வேண்டும், சென்ட் அடித்த பிறகே போட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.