வீட்டிலேயே நாசி கண்டார்: ஒரே மசாலாவில் மூன்று குழம்பு

நாசி கண்டார் என்பது சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றிச் சாப்பிடும் பினாங்குச் சாப்பாடு. 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நான் சிரம்பானில் இருந்தேன். மாநில எல்லையைத் தாண்ட முடியாது. பினாங்குக்குப் போகும்போதெல்லாம் வீட்டில் பையை வைப்பதற்கு முன்பே பினாங்கு ரோட்டுச் சந்துக்குள் இருக்கும் லைன் கிளியர் என்ற நாசி கண்டார் கடையில் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் அம்மாவைப் பார்ப்பேன். அந்த வருடம் அது இல்லை என்று ஆனதும் வீட்டில் செய்து பார்க்கத் தொடங்கினேன். ஐந்தாவது முறைதான் சரியாக வந்தது. அந்த ஐந்தாவது முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நான்கு முறையும் நான் கோழிக்கறி மட்டும் வைத்தேன். கறி நன்றாகவே இருந்தது, ஆனால் நாசி கண்டார் ருசி வரவில்லை. கடையில் நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அண்ணே சோற்றை அள்ளித் தட்டில் போடுவார், நாம் கை காட்டிய கோழியையோ சோத்தோங்கையோ (கணவாய்) வைப்பார், பெண்டிக்காயும் (வெண்டைக்காய்) முட்டைக்கோசும் ஒரு ஓரமாக வரும். அப்புறம் கரண்டி ஒவ்வொரு சட்டியாகப் போய்வரும். கோழிக் குழம்பில் ஒரு அள்ளு, மீன் குழம்பில் ஒரு அள்ளு, கறுப்பாக இருக்கும் கிச்சாப் (சோயா சாஸ்) குழம்பில் கொஞ்சம். இதற்குத்தான் குவா சம்பூர் என்று பெயர், கலந்த குழம்பு. சோறு மூழ்கும் அளவுக்கு வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்று சொல்ல வேண்டும். மலாயில் அதற்கு வெள்ளம் என்று பொருள். நாம் கடையில் ரசிக்கிற ருசி எந்தச் சட்டியிலும் தனியாக இல்லை. உறைப்பும் புளிப்பும் இனிப்பும் தட்டில் வந்து சேரும்போதுதான் அது உண்டாகிறது. ஒரு குழம்பு மட்டும் வைத்தால் எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் வராது.

'மூன்று குழம்பு வைக்க ஒரு நாள் ஆகுமே' என்று தோன்றும். ஆகாது. ஒரே மசாலாவைப் பெரிதாக வதக்கி மூன்றாகப் பிரித்துக்கொள்வதுதான் என் வழி. மொத்தம் இரண்டரை மணி நேரம். ஆறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

பாத்திரத்தைப் பற்றி முதலில்

கனமான குவாலி (குழிவான வாணலி) வேண்டும், இரும்போ கெட்டி அலுமினியமோ. ஒட்டாத சட்டியில் இந்த மசாலாவை வதக்காதீர்கள். அடியில் லேசாகப் பிடித்து, அதைச் சுரண்டிச் சுரண்டிச் சேர்க்கும்போதுதான் நிறமும் மணமும் ஏறும். ஒட்டாத சட்டியில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. முனை தட்டையான மரக்கரண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷர் குக்கரை இந்தச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். கோழி வெந்துவிடும், குழம்பு வேகாது.

எண்ணெய் நம் ஊர்ப் பாமாயில் போதும். நல்லெண்ணெய் மணம் இதோடு சேராது. கறித்தூளுக்கு நான் பாபாஸ்தான் வாங்குவேன், இறைச்சிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. வீட்டில் அரைத்த தூள் இருந்தால் இன்னும் நல்லது, சோம்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

மசாலா

காய்ந்த மிளகாய் நாற்பது. காம்பைக் கிள்ளி, விதையைத் தட்டிவிட்டு, பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்து வடித்து, நைசாக அரையுங்கள். வெந்நீரில் ஊற வைத்தால் போதாதா என்றால், போதாது. ஊறிய மிளகாயை எவ்வளவு அரைத்தாலும் தோல் துணுக்கு துணுக்காக நிற்கும். கொதித்தது வெண்ணெய் மாதிரி அரையும்.

சின்ன வெங்காயம் 300 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, இவற்றைத் தனியாக அரையுங்கள். பூண்டு பன்னிரண்டு பல்லும் இரண்டு அங்குல இஞ்சியும் தனி விழுது. கறித்தூள் ஆறு மேசைக்கரண்டியை அரைக் கப் தண்ணீரில் குழைத்து வையுங்கள். குழைக்காமல் தூளாகப் போட்டால் எண்ணெயில் விழுந்த நொடியே கருகும், கருகிய தூளின் கசப்பை அப்புறம் எதைப் போட்டாலும் எடுக்க முடியாது.

தாளிக்க 'எம்பாட் செக்காவான்'. மலாய்க்காரர்கள் பட்டை, அன்னாசிப்பூ, கிராம்பு, ஏலக்காய் நான்கையும் சேர்த்து 'நான்கு தோழர்கள்' என்று இப்படித்தான் அழைக்கிறார்கள். பட்டை ஒரு துண்டு, அன்னாசிப்பூ இரண்டு, கிராம்பு ஐந்து, ஏலக்காய் ஐந்து. கூடவே ஒரு தேக்கரண்டி சோம்பு, மூன்று கொத்து கறிவேப்பிலை. எண்ணெய் ஒரு முழுக் கப், 250 மில்லி. அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். முழுவதையும் நாம் சாப்பிடப்போவதில்லை, கடைசியில் மேலே மிதப்பதை வடித்து எடுத்துவிடலாம்.

எண்ணெய் பிரிவது

நான் நான்கு முறை தவறவிட்ட இடம் இதுதான், அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

எண்ணெய் காய்ந்ததும் தாளித்து, வெங்காய விழுதைப் போட்டு, பொன்னிறம் தாண்டும் வரை வதக்குங்கள். பதினைந்து நிமிடம் ஆகும். இஞ்சி பூண்டு, இன்னும் ஐந்து நிமிடம். அப்புறம் மிளகாய் விழுது. இங்கிருந்து தீ சிறியதாகவே இருக்க வேண்டும்.

மிளகாய் விழுது விழுந்ததும் எண்ணெய் உடனே மேலே வந்து பளபளக்கும். நான் ஏமாந்தது அங்கேதான். 'எண்ணெய் பிரிந்துவிட்டது' என்று கோழியைப் போட்டுவிடுவேன். அது பிரிந்த எண்ணெய் இல்லை, இன்னும் உள்ளே போகாத எண்ணெய். சில நிமிடத்தில் விழுது அதைக் குடித்துவிட்டு வறண்டு நிற்கும். அப்படியே பொறுமையாகக் கிளறினால் இருபது இருபத்தைந்து நிமிடம் கழித்து, குடித்த எண்ணெயை மறுபடி கக்கும். இந்த இரண்டாவது எண்ணெய்தான் நமக்கு வேண்டியது. 'பெச்சா மிஞ்ஞாக்' என்று கடைகளில் சொல்வது இதைத்தான்.

எப்படித் தெரிந்துகொள்வது? நான் பார்ப்பது நான்கு. முதலில் சத்தம்: ஈரம் இருக்கும்வரை பொத் பொத்தென்று தெறிக்கும், ஈரம் போனதும் சன்னமாகச் சிரசிரவென்று மட்டும் கேட்கும். இரண்டாவது மூக்கு: இருமல் வர வைக்கும் பச்சைக் காரம் நின்று, வறுத்த வாசம் வரும். மூன்றாவது நிறம்: ஆரஞ்சு போய்ச் செங்கல் நிறம், அதற்கும் கொஞ்சம் மேலே. கடைசியாக, கரண்டியால் நடுவில் ஒரு கோடு கிழித்தால் அந்தத் தடத்தில் சிவந்த எண்ணெய் ஓடி நிரம்பும். நான்கும் வந்த பிறகு குழைத்த கறித்தூளைப் போடுங்கள். அது ஈரமானது, அதனால் எண்ணெய் மறுபடி மறையும். இன்னும் பத்து நிமிடம் கிளறினால் திரும்பி வரும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை முதல் நான்கு முறையும் பார்த்தேன். குழம்பு பச்சையாக மணக்கும், தொண்டையில் எரியும், மேலே எண்ணெய் படராமல் சேற்று நிறத்தில் நிற்கும். வாயில் உறைப்பது வேறு, தொண்டையைப் பிடிப்பது வேறு. கடைக் குழம்பு எவ்வளவு காரமாக இருந்தாலும் தொண்டையைப் பிடிக்காது.

ஐந்தாவது முறைக்கு முன்னால், பட்டர்வொர்த்தில் வெகுகாலம் சட்டி பார்த்த ஓர் அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "ரெண்டு தடவ எண்ணெ வரணும் தம்பி. மொத தடவ வர்றத நம்பாத" என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

மூன்றாகப் பிரிப்பது

மசாலாவில் பாதியைக் குவாலியிலேயே விட்டுவிடுங்கள். மீதியை இரண்டு சிறிய சட்டிகளில் சமமாகப் பங்கிடுங்கள்.

பெரிய பங்கில் கோழி. ஒரு கிலோ, எலும்போடு. உப்பு போட்டு, கோழி வெள்ளையாக மாறும் வரை பிரட்டி, உருளைக்கிழங்கு இரண்டும் இரண்டாம் தேங்காய்ப்பால் 600 மில்லியும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கோழி வெந்ததும் முதல் பால் 150 மில்லி, ஒரே கொதி, அடுப்பை அணையுங்கள். குழம்பு ஓட வேண்டும். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்கிற பதம் வந்தால் தண்ணீர் ஊற்றித் தளர்த்துங்கள்.

அடுத்தது மீன். மீன் கறித்தூள் ஒரு மேசைக்கரண்டி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், எலுமிச்சை அளவு புளியைக் கரைத்த தண்ணீர் 500 மில்லி, தக்காளி இரண்டு. பத்து நிமிடம் கொதித்த பிறகு தெங்கிரி (வஞ்சிரம்) மீன் துண்டுகள் ஆறு, எண்ணெயில் லேசாக வாட்டிய பெண்டிக்காய். தேங்காய்ப்பால் வேண்டாம். இந்தக் குழம்பு தெளிவாகப் புளிக்க வேண்டும், தனியாக ருசி பார்த்தால் 'கொஞ்சம் புளிப்பு அதிகமோ' என்று தோன்றினால் அளவு சரி.

மூன்றாவது கிச்சாப். நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, கெட்டியான கறுப்புக் கிச்சாப் நான்கு மேசைக்கரண்டி, நீர்த்த கிச்சாப் ஒன்று, ஒரு தேக்கரண்டி சீனி, ஒன்றரைக் கப் தண்ணீர். அவித்து உரித்த முட்டைகளைப் போட்டு வற்ற விடுங்கள். மாட்டிறைச்சி போட்டால் கடையில் கிடைக்கும் டாகிங் ஹித்தாமுக்கு (கறுப்பு மாட்டிறைச்சிக் குழம்பு) பக்கத்தில் வரும், ஆனால் அதை முன்பே அவித்து வைக்க வேண்டும். உப்பை இதில் கடைசியில்தான் பார்க்க வேண்டும், கிச்சாப்பிலேயே நிறைய இருக்கிறது.

சோறு

குழையக் கூடாது. பழைய நீள அரிசி, ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீர். வெந்ததும் அகலத் தட்டில் பரப்பிக் கால் மணி நேரம் ஆவி போக விடுங்கள். ஈரமான சோறு குழம்பைக் குடிக்காது. நெய்ச்சோறு, பிரியாணிச் சோற்றோடு கேட்டாலும் கடையில் கிடைக்கும். எனக்கு வெறும் வெள்ளைச் சோறுதான். இத்தனை குழம்பு ஊற்றும்போது சோற்றுக்கும் ஒரு மணம் இருந்தால் எதுவுமே தெரியாமல் போகும்.

ஊற்றும் வரிசை

சோற்றின் மேல் முதலில் கோழிக் குழம்பு ஒரு முழுக் கரண்டி. அதன்மேல் மீன் குழம்பு அரைக் கரண்டி. கிச்சாப் குழம்பு இரண்டு தேக்கரண்டி போதும், வட்டமாகத் தூவுவது போல. மீன் குழம்புக்கு மட்டும் தனிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். அது கோழிச் சட்டிக்குள் போனால் மறுநாள் கோழிக் குழம்பு கவுச்சி அடிக்கும்.

ஊற்றியதும் உடனே சாப்பிடாதீர்கள். கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதைவிடத் தாப்பாவ் வாங்கிப்போன பொட்டலம் ருசியாக இருப்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். வீடு போய்ச் சேரும் நேரத்தில் குழம்புகள் சோற்றுக்குள் இறங்கி ஒன்றாகிவிடுகின்றன. நான் வாழையிலையை அனலில் வாட்டி, சோறும் குழம்பும் வைத்து மடித்து, பத்து நிமிடம் விட்டுத்தான் பிரிக்கிறேன். அப்பளத்தை மட்டும் வெளியே வையுங்கள்.

இந்தச் சோறு ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்து வந்தது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தடியைப் போட்டு, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் தொங்கவிட்டு, பினாங்குத் துறைமுகத்தில் வேலை செய்தவர்களிடம் கொண்டுபோய் விற்றார்கள். கண்டார் என்பது அப்படித் தோளில் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல். கேம்பல் ஸ்ட்ரீட்டில் 1907-இல் தொடங்கிய ஹமீதியா இன்னும் நடக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டிய கடைக்கு 'பெராத்தூர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது, வரிசையில் நிற்பது என்று அர்த்தம். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் கைப்பக்குவம் இன்றைக்கு இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் ஒரே வரிசையில் நின்று வாங்கும் சாப்பாடாக இருக்கிறது. ஒவ்வொரு முறை இதைச் சமைக்கும்போதும் எனக்கு அது பெருமையாக இருக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் சமைத்தவர்கள் எழுதியதிலிருந்து சில விஷயங்கள்.

கடையில் பாக்கெட்டாக விற்கும் சில்லி போ (அரைத்த மிளகாய் விழுது) வாங்கியவர்களுக்குக் குழம்பு புளித்திருக்கிறது. சில பாக்கெட்டுகளில் வினிகர் சேர்ந்திருக்கும், பின்பக்கம் படித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் மீன் குழம்பில் புளியைப் பாதியாகக் குறையுங்கள்.

பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலை அப்படியே ஊற்றியவர்களுக்குக் குழம்பு கெட்டியாகி, சோற்றின் மேல் களிம்பு மாதிரி நின்றுவிட்டது. 200 மில்லி பெட்டிக்கு 400 மில்லி தண்ணீர் சேர்த்தால் இரண்டாம் பால் கணக்குக்குச் சரியாக வரும்.

குழந்தைகளுக்காக மிளகாயைக் குறைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். இருபத்தைந்து வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் மசாலாவுக்கு உடம்பு இருக்காது. அதைவிட, அவர்கள் தட்டில் கிச்சாப் குழம்பை முதலாகவும் கோழிக் குழம்பைத் துளியாகவும் ஊற்றிக் கொடுங்கள். என் அக்கா மகள் அப்படித்தான் சாப்பிடுகிறாள்.

மசாலாவை மட்டும் இரண்டு மடங்கு செய்து, ஆறியதும் பங்கு பங்காக உறையவைப்பது நன்றாக வேலை செய்கிறது. எண்ணெய் மேலே படிந்திருக்கட்டும், வடிக்காதீர்கள். வெளியே எடுத்த பிறகு மறுபடி சிறு தீயில் அந்த எண்ணெய் திரும்ப மேலே வரும்வரை சூடாக்கிவிட்டு, அப்புறம்தான் கோழியைப் போட வேண்டும்.