ஒரே பெரிய லேப்டாப்பா, டெஸ்க்டாப்பும் ஒரு பழைய லேப்டாப்புமா?

மச்சான் போன் பண்ணி, ஒன்றரை லட்சம் சேத்து வச்சிருக்கேன், வீடியோ எடிட்டிங்குக்கு கேமிங் லேப்டாப் எடுக்கலாமான்னு கேட்டான். நான் திருப்பி ஒண்ணுதான் கேட்டேன், போன மாசம் வீட்டுக்கு வெளிய உக்காந்து எத்தன நாள் எடிட் பண்ணடா? கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "ரெண்டு நாள்"ன்னான், அதுலயும் ஒரு நாள் சும்மா கிளையண்ட்டுக்கு போட்டு காட்டுனதுதான்.

நீங்களும் மொதல்ல இத எண்ணி பாருங்க. லேப்டாப்ப தூக்கிட்டு போற நாள் வேற, வெளிய உக்காந்து வெயிட்டான வேல பாக்குற நாள் வேற. மெயில், எக்ஸெல், ஜூம் எல்லாம் கணக்குல வராது, அதுக்கு எந்த டப்பாவும் போதும்.

அடுத்து கடையில ஏமாறுற எடம், கிராஃபிக்ஸ் கார்டு பேரு. ஆர்டிஎக்ஸ் 4070ன்னு ரெண்டுலயும் எழுதியிருக்கும், ஆனா டெஸ்க்டாப் கார்டுல 12 ஜிபி மெமரி, 200 வாட் வரைக்கும் இழுக்கும், லேப்டாப்ல 8 ஜிபிதான், அதோட 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் கம்பெனி எவ்வளவு விடுதோ அவ்வளவுதான் ஓடும், உள்ள இருக்குற சிப்பே அதுக்கு கீழ் மாடலான டெஸ்க்டாப் 4060 டிஐ-ல வர்ற சிப்புதான். அதனால லேப்டாப்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா "டிஜிபி (அதாவது கார்டுக்கு விடுற அதிகபட்ச பவர்) எவ்வளவு வாட்?"னு கேளுங்க, கடைக்காரர் முழிச்சா ஸ்பெக் ஷீட்ட நீங்களே தேடி பாத்துட்டு வாங்குங்க. சார்ஜர கழட்டுனா அந்த பவரும் பாதிகூட வராது, பேட்டரியில ஓட்டுனா ரெண்டு கிலோ லேப்டாப்ப சுமந்ததுதான் மிச்சம்.

ஹாஸ்டல்ல இருக்கீங்க, ரூம் மாறிட்டே இருப்பீங்க, இல்ல கல்யாண மண்டபத்துலயே உக்காந்து வீடியோவ கட் பண்ணி குடுக்கணும்னா யோசிக்கவே வேணாம், லேப்டாப்தான்.

மத்தவங்களுக்கு என் ஓட்டு டெஸ்க்டாப்புக்கு. என் பழைய கேமிங் லேப்டாப்ல வாரண்டி முடிஞ்சு நாலாவது மாசம் மதர்போர்டு போச்சு, கார்டும் பிராசஸரும் அதுலயே சால்டர் ஆயிருக்கு, மாத்தணும்னா பாதி வெல சொன்னாங்க. டெஸ்க்டாப்ல பவர் சப்ளை போனப்போ ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு போய் வேற வாங்கிட்டு வந்து சாயங்காலத்துக்குள்ள மாட்டிட்டேன்.

கூட தூக்கிட்டு போக செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் லேப்டாப் போதும், திங்க்பேட் டி480 மாதிரி. இன்டெல்னா 8வது ஜெனரேஷனுக்கு கீழ வேணாம், விண்டோஸ் 11 சப்போர்ட் லிஸ்ட்ல வராது. வாங்குறப்போ கமாண்ட் ப்ராம்ப்ட்ட தொறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட்னு அடிங்க (எல்லாம் இங்கிலீஷ்லதான்), ஒரு ஃபைல் வரும், அதுல டிசைன் கெப்பாசிட்டி (புதுசுல இருந்த அளவு) 24,000, ஃபுல் சார்ஜ் (இப்ப தாங்குற அளவு) 11,000ன்னு இருந்தா பேட்டரி பாதிக்கு மேல தேஞ்சு போச்சு, அந்த காச கொறச்சு கேளுங்க. டி480ல உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி, ரெண்டையும் பாக்கணும்.

வெளிய இருந்து அந்த லேப்டாப் வழியா வீட்டு டெஸ்க்டாப்புக்குள்ள போக பார்செக்னு ஒரு ஆப் சொந்த உபயோகத்துக்கு ஃப்ரீயாவே கெடைக்குது. விண்டோஸோட ரிமோட் டெஸ்க்டாப்தான் வேணும்னா வீட்டு மெஷின்ல ப்ரோ எடிஷன் இருக்கணும், ஹோம்ல அது வராது. இன்னொண்ணு, பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்போ விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்) கரண்ட் போயிட்டு வந்தா தானா ஆன் ஆகுற செட்டிங் இருக்கும், அத போட்டு வைங்க, இல்லன்னா நீங்க கோயம்புத்தூர்ல உக்காந்துக்கிட்டு "அம்மா, அந்த பட்டன கொஞ்சம் அமுக்குங்க"ன்னு போன் போடணும்.

பட்ஜெட் போடுறப்போ எல்லாரும் மறக்குறது மானிட்டரும் யூபிஎஸ்ஸும். சாதாரண 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும், ரெண்டரிங் (எடிட் பண்ணத முழு வீடியோவா மாத்துறது) ஓடுறப்போ கரண்ட் போச்சுன்னா அதுவும் சேந்து கட் ஆயிடும், 1000 விஏவாவது எடுங்க. மச்சான் இத விட்டுட்டுதான் கணக்கு போட்டிருந்தான், அதான் இப்போதைக்கு வீட்டு டிவியில எடிட் பண்ணிட்டிருக்கான்.