பாலர் பள்ளிக் கட்டணம்: மானியம் போகக் கையிலிருந்து எவ்வளவு போகும்?

சிங்கப்பூரில் பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும் ஆண்டில் கே1, அதாவது பாலர் பள்ளியின் முதலாம் ஆண்டு; அடுத்த ஆண்டு கே2. அதற்கு ஓராண்டு முன்பே வீட்டில் கட்டணப் பேச்சு தொடங்கிவிடும். பள்ளியின் கட்டணப் பட்டியலைப் பார்த்து, "இது நமக்குக் கட்டுப்படியாகாது" என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் இருப்பது மானியத்துக்கு முந்தைய தொகை. உங்கள் கையிலிருந்து போகப்போவது வேறு. அதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கையில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பாலர் பள்ளியா, பராமரிப்பு நிலையமா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் மானியத் திட்டம் வெவ்வேறு.

பாலர் பள்ளியில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேர வகுப்புதான். பள்ளி விடுமுறை வந்தால் அதற்கும் விடுமுறை. குழந்தைப் பராமரிப்பு நிலையம் காலை முதல் மாலை வரை, ஆண்டு முழுவதும் நடக்கும். கே1, கே2 பாடங்கள் அங்கேயும் உண்டு. பகலில் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பாலர் பள்ளி போதும், செலவும் குறைவு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஜூன், டிசம்பர் விடுமுறையை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். பாலர் பள்ளிக் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் விடுமுறையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கே போய்விடக் கூடாது.

படி 2: யார் நடத்தும் பள்ளி என்று பாருங்கள்

பாலர் பள்ளிக் கட்டண உதவித் திட்டத்தை, அதாவது எல்லோரும் சொல்லும் கிஃபாஸை, எல்லாப் பள்ளியிலும் பெற முடியாது. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளிலும், அரசு ஆதரவு பெறும் ஆங்கர் ஆப்பரேட்டர்கள் நடத்தும் பள்ளிகளிலும் மட்டுமே கிடைக்கும். பிசிஎஃப் ஸ்பார்க்கல்டாட்ஸ், மை ஃபர்ஸ்ட் ஸ்கூல் போன்றவை அந்த வகை. வேறு தனியார் பள்ளிக்குப் போனால் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கிஃபாஸ் இல்லை. பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருக்கவும் வேண்டும்.

கல்வி அமைச்சின் பாலர் பள்ளியில் குடிமக்களுக்கு மாதம் 160 வெள்ளி, நிரந்தரவாசிகளுக்கு 320 வெள்ளி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு நன்மை: அங்கே தமிழும் கற்பிக்கிறார்கள். மற்ற இடங்களில் தமிழாசிரியர் இருக்கிறாரா என்று சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கட்டணத்தைப் பற்றிக் கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்பது என் வழக்கம்.

படி 3: குடும்ப வருமானத்தைச் சரியாகக் கூட்டுங்கள்

பலர் தவறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது மொத்தச் சம்பளம், கைக்கு வரும் தொகை அல்ல. மத்திய சேம நிதிக்குப் பிடிப்பதற்கு முந்தைய தொகையை எழுதுங்கள். ஓவர்டைம், அலவன்ஸ், போனஸ் எல்லாம் இதில் சேரும். அப்புறம், ஒரே முகவரியில் வசிக்கும் குடும்பத்தார் அனைவரின் வருமானமும் கணக்கில் வரும். தாத்தா வேலைக்குப் போனால் அவருடைய சம்பளமும்தான்.

கிஃபாஸுக்கு வரம்பு மாதம் 12,000 வெள்ளி. கூட்டிப் பார்த்து அதைத் தாண்டிவிட்டால் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். வீட்டில் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்து, அவர்களில் குறைந்தது மூவருக்கு வருமானம் இல்லையென்றால், தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கக் கேட்கலாம். அந்தத் தொகை 3,000 வெள்ளிக்குள் இருந்தால் தகுதி உண்டு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா 5,900, அம்மா 4,600, தாத்தா 2,700. மொத்தம் 13,200 வெள்ளி, வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்தால் வீட்டில் ஆறு பேர். 13,200-ஐ ஆறால் வகுத்தால் 2,200. இந்த வீட்டுக்கு உதவி கிடைக்கும்! கூட்டுக் குடும்பமாக இருப்பவர்கள் இந்த ஒரு வகுத்தலைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

படி 4: அம்மா வேலைக்குப் போகவில்லை என்றால்?

"நான் வீட்டில்தானே இருக்கிறேன், எனக்கு எதுவும் கிடைக்காது" என்று சொல்லும் தாய்மார்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கிஃபாஸுக்கு அம்மா வேலைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. வருமானம் மிகக் குறைந்த குடும்பங்களுக்கு மாதக் கட்டணம் ஓரிரு வெள்ளியோடு முடிந்துவிடும்.

பராமரிப்பு நிலையத்தில் அந்த நிபந்தனை உண்டு. மாதம் 56 மணி நேரமாவது வேலை செய்யும் அம்மாவுக்கு முழுநாள் பராமரிப்புக்கு அடிப்படை மானியம் 300 வெள்ளி. அதற்கு மேல் வருமானத்தைப் பொறுத்து 467 வெள்ளி வரை கூடுதல் மானியம். ஆங்கர் ஆப்பரேட்டர் நிலையங்களில் 2026 முதல் முழுநாள் கட்டணத்தின் உச்சவரம்பு, ஜிஎஸ்டி நீங்கலாக, 610 வெள்ளி. அடிப்படை மானியத்தை மட்டும் கழித்தாலே 310-க்கு வந்துவிடுகிறது. வருமானம் 3,000 வெள்ளிக்குள் உள்ள குடும்பம் அங்கே மாதம் 3 வெள்ளி கட்டினால் போதும்.

2024 டிசம்பர் 9 முதல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. குடும்ப வருமானம் 6,000 வெள்ளிக்குள் இருந்தால், அம்மா வேலைக்குப் போகாவிட்டாலும், வேலை செய்பவர்களுக்குக் கிடைக்கும் அதே மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு மறுக்கப்பட்டவர்கள் மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.

படி 5: விண்ணப்பம்

பிள்ளையைச் சேர்க்கும் பள்ளியிலேயே கேளுங்கள், வழிகாட்டுவார்கள். பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் அடையாள அட்டை, சம்பள விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமான வரி மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து வையுங்கள். சேரும்போது வைப்புத்தொகை, சீருடை என்று ஒரே நேரத்தில் பணம் கேட்பார்கள். அது சிரமமாக இருந்தால், தொடக்கச் செலவுக்கென்று தனி உதவித்தொகை உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

படி 6: மீதித் தொகை

மானியம் போக வருவதையும் உடனே கையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் அரசு போட்ட பணம் இருக்கும். 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு 5,000 வெள்ளி, அதற்கு முன் சில ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு 3,000 வெள்ளி. அங்கீகரிக்கப்பட்ட பாலர் பள்ளிகளில் கட்டணத்தை அதிலிருந்தே கட்டலாம். நீங்கள் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் குறிப்பிட்ட வரம்பு வரை அரசு இன்னொரு வெள்ளி போடும். ஆகவே கட்டணத்துக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இந்தக் கணக்கில் போட்டு, பிறகு அங்கிருந்து கட்டுவதே புத்திசாலித்தனம்.

ஊருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மாதத்தில் பிள்ளை ஒரு நாளாவது வகுப்புக்கு வந்திருந்தால்தான் அந்த மாத மானியம் கிடைக்கும். நீண்ட பயணம் என்றால், முதல் தேதிக்கு முன்பே கிளம்பி மாதம் முழுவதையும் வெளியில் கழிக்காமல், ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறுங்கள்.